நிரலுக்கு வண்ணம் தீட்டுவது யார்?

பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்தில் பைத்தான் நிரல் எழுதிப் பழகியவர்கள் இந்த வேடிக்கையைப் பார்த்திருக்கக் கூடும். ஐடில் சாளரத்தில் நீளமான நிரல் ஒன்று இருக்கிறது. சிறப்புச் சொற்கள் செம்மஞ்சள் நிறத்திலும், மேற்கோளுக்குள் அடங்கிய சரங்கள் பச்சையிலும், குறிப்புரைகள் சிவப்பிலும் தெரிகின்றன. நிரலின் நடுவே பல வரிகளுக்கு நீளும் விளக்கம் ஒன்றைச் சேர்க்க எண்ணி, வெற்று வரி ஒன்றில் """ என்று மூன்று மேற்கோள் குறிகளைத் தட்டுகிறோம். முதற்குறி விழுகிறது, பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. இரண்டாவது குறிக்கும் அப்படியே. மூன்றாவது குறி விழுந்ததுதான் தாமதம், அதற்குக் கீழே இருந்த வரிகள் எல்லாம் பச்சையாகி விடுகின்றன!

நிரல் கெட்டுவிட்டதோ என்று புதிதாகக் கற்பவர் பதறிப் போவார். ஆனால் ஓர் எழுத்துகூட மாறவில்லை. விளக்கத்தை எழுதி முடித்து, மறுபடியும் மூன்று குறிகளை இட்டதும் பழைய வண்ணங்கள் திரும்பி விடுகின்றன.

ஒரு விசையை அழுத்தியதற்கு நூறு வரிகள் நிறம் மாறுவானேன்? மற்ற விசைகளுக்கு அவ்வாறு மாறாதிருப்பதும் ஏன்? இவற்றுக்கு விடை காண, அத்தகைய உரைத்திருத்தி ஒன்றை நாமே கட்டிப் பார்ப்பதுதான் நல்ல வழி. உரைத்திருத்தி என்பது எடிட்டர் என்று நாம் வழங்கும் செயலி. எழுத்தைத் தட்டவும், திருத்தவும், சேமிக்கவும் உதவுவது. முதலில் மனத்தளவில் கட்டுவோம். பிறகு ஆர்வமுள்ளவர்கள் கணிப்பொறியிலும் கட்டலாம்.

கோப்பில் வண்ணம் இல்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். நிரல் சேமிக்கப்பட்டிருக்கும் கோப்பில் வண்ணம் என்று எதுவும் கிடையாது. அதே கோப்பை விண்டோஸின் நோட்பேடில் திறந்து பாருங்கள். எல்லா எழுத்தும் ஒரே நிறத்தில் இருக்கும். கோப்பில் இருப்பவை எழுத்துகளுக்குரிய எண்கள் மட்டுமே.

யூனிகோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'இல்லை' என்ற சொல்லை எடுத்துக் கொள்வோம். நம் கண்ணுக்கு அது மூன்று எழுத்து: இ, ல், லை. கணிப்பொறிக்கோ ஐந்து எண்கள்: 2951, 2994, 3021, 2994, 3016. முதலாவது இ. அடுத்தது ல. 3021 என்பது புள்ளி. மீண்டும் ல. கடைசியில் இருப்பது ஐகாரக் குறி. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் உயிர்மெய்யின் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி எண் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இது நம்மை நன்றாகத் தடுக்கி விழச் செய்யப் போகிறது.

ஆக, உரைத்திருத்தி செய்ய வேண்டியவை இரண்டு. இந்த எண்களின் வரிசையை நினைவகத்தில் வைத்துக் கொண்டு, நாம் தட்டுவதையும் அழிப்பதையும் அதில் உடனுக்குடன் நிறைவேற்ற வேண்டும். அந்த வரிசையைப் படித்து, எது சொல், எது சரம், எது குறிப்புரை என்று பகுத்துத் திரையில் நிறம் காட்ட வேண்டும். இரண்டும் நாம் அடுத்த விசையை அழுத்துவதற்குள் நடந்தாக வேண்டும்.

அச்சுக்கோப்பவரின் தொல்லை

ஈய எழுத்துகளைக் கையால் அடுக்கி அச்சிட்ட காலத்தில், அச்சுக்கோப்பவர்களுக்கு ஒரு பெருந்தொல்லை இருந்தது. பக்கம் முழுவதும் கோத்து முடித்த பிறகு, முதல் வரியில் ஒரு சொல் விட்டுப் போயிற்று என்று மெய்ப்பு பார்ப்பவர் சொல்லுவார். அந்தச் சொல்லை நுழைக்க இடமேது? அதன் பின்னுள்ள எழுத்துகளை எல்லாம் வரிவரியாகத் தள்ளிக் கொண்டே போக வேண்டியதுதான்.

நினைவகத்திலும் இதே நிலைதான். ஒரு லட்சம் எழுத்துகளை அடுத்தடுத்து அடுக்கி வைத்துவிட்டு, தொடக்கத்தில் ஓர் எழுத்தைச் சேர்க்க வேண்டுமானால் மீதி அனைத்தும் ஓரிடம் தள்ளிப் போக வேண்டும். இன்றைய கணிப்பொறிக்கு ஒரு லட்சம் எழுத்தைத் தள்ளுவது பொருட்டே அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1970களின் பொறிகளுக்கு அது பெரும் பாரம். இன்றும் கோப்பு மிகப் பெரிதானால் சிக்கல் தலைகாட்டும்.

இதற்கு ஓர் எளிய தந்திரம் உண்டு. உரையின் நடுவே, கர்சர் இருக்கும் இடத்தில், சில ஆயிரம் எழுத்துகள் கொள்ளும் வெற்றிடம் ஒன்றை விட்டு வைப்பதே அது. தட்டும் எழுத்துகள் அந்த வெற்றிடத்தில் ஒவ்வொன்றாக விழும். வேறு எதையும் தள்ள வேண்டியதில்லை. கர்சர் ஓரிடம் வலப்பக்கம் நகர்ந்தால், வெற்றிடத்தின் வலக்கரையில் உள்ள ஓர் எழுத்தைத் தூக்கி இடக்கரையில் வைத்தால் போதும். வெற்றிடமும் கர்சரோடு கூடவே வந்துவிடும். வெற்றிடம் நிரம்பினால் மட்டும் புதிதாக ஒன்று அமைக்க வேண்டும். மனிதர் எழுதும்போது ஓரிடத்தில் தட்டி, அதற்குப் பக்கத்திலேயே அடுத்ததையும் தட்டுகிறார். ஒவ்வோர் எழுத்துக்கும் பக்கம் தாவுவதில்லை. அந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக் கொள்ளும் முறை இது. 1985-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட குனு ஈமாக்ஸ் என்னும் உரைத்திருத்தி இந்த முறையில்தான் இயங்குகிறது.

இன்னொரு முறையும் உண்டு; எனக்கு அதன் மீது சற்றுக் கூடுதல் விருப்பம். திறந்த கோப்பில் கை வைப்பதே இல்லை. புதிதாகத் தட்டும் எழுத்துகளைத் தனியே வேறொரு வரிசையில் சேர்த்துக் கொண்டே போகிறோம். பிறகு ஒரு சிறு பட்டியல் மட்டும் வைத்துக் கொள்கிறோம்: 'பழையதில் 1 முதல் 400 வரை, புதியதில் 1 முதல் 12 வரை, மீண்டும் பழையதில் 401 முதல் கடைசி வரை'. இந்தப் பட்டியலின்படி துண்டுகளைக் கோத்துப் படித்தால் திருத்திய உரை கிடைத்துவிடும். எந்த எழுத்தும் உண்மையில் அழிக்கப்படுவதில்லை; பட்டியலிலிருந்து விலக்கப்படுகிறது, அவ்வளவே. ஆகையால் செய்த பிழையைத் திரும்பப் பெறுவதும் எளிது. பழைய பட்டியலை எடுத்து வைத்தால் முடிந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக் கூடத்தில் 1974-இல் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் உருவாக்கிய பிராவோ என்னும் திருத்தி இவ்வாறு செய்தது. சிமோனி பின்னர் மைக்ரோசாஃப்டில் சேர்ந்து வேர்டு செயலியை உருவாக்குவதில் ஈடுபட்டபோது இம்முறையும் அவருடன் சென்றது.

இதைப் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். இன்று நிரலாளர் பலர் கையாளும் விஷுவல் ஸ்டூடியோ கோடு என்னும் திருத்தி, முதலில் ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பொருளாக வைத்திருந்தது. 35 மெகாபைட் அளவுள்ள ஒரு கோப்பில் 1 கோடியே 37 லட்சம் வரிகள் இருந்தன. வரிகளோ மிகக் குட்டையானவை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் தனிக் கணக்கு எழுதி வைத்ததில் நினைவகத்தில் ஏறத்தாழ 600 மெகாபைட் இடம் பிடித்துக் கொண்டது! 2018-இல் அதை உருவாக்குவோர் துண்டுப் பட்டியல் முறைக்கு மாறினார்கள்.

நமது மனத்திருத்திக்கு இவற்றில் எதையும் நாம் எழுத வேண்டியதில்லை. பைத்தானுடன் வரும் டிகின்டர் என்னும் தொகுப்பில் 'டெக்ஸ்ட்' என்றொரு கூறு இருக்கிறது. எழுத்துகளை வைத்துக் காக்கும் வேலையை அதுவே பார்த்துக் கொள்ளும். ஐடிலும் அதன் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது.

சொல்லா, சரமா?

இனி வண்ணத்துக்கு வருவோம். எடுத்துக்காட்டுக்கு எழில் என்னும் நிரல்மொழியைக் கொள்வோம். முத்து அண்ணாமலை உருவாக்கிய இம்மொழியில் சிறப்புச் சொற்கள் எல்லாம் தமிழிலேயே இருப்பதால் நமக்கு வசதி.

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "தேர்ச்சி இல்லை"   # முடி என்பதை மறவாதே
முடி

இதில் ஆனால், பதிப்பி, இல்லை, முடி ஆகியவை சிறப்புச் சொற்கள். அவற்றுக்குச் செம்மஞ்சள் நிறம் தர வேண்டும். முதன்முதலில் திருத்தி எழுத முனைபவர்கள் அநேகமாக எல்லாரும் செய்வது, உரை முழுவதிலும் இச்சொற்களைத் தேடி நிறம் பூசுவதுதான். நானும் அப்படித்தான் செய்தேன். விளைவு என்ன? நான்காம் வரியில் மேற்கோளுக்குள் இருக்கும் 'இல்லை'யும் செம்மஞ்சளாகிவிடும். அது சிறப்புச் சொல் அன்று. திரையில் அச்சாக வேண்டிய வாசகத்தின் ஒரு பகுதி. அதே வரியில் குறிப்புரைக்குள் உள்ள 'முடி'யும் அப்படியே ஏமாற்றிவிடும்.

ஒரு சொல் எது என்பதை அச்சொல் மட்டும் சொல்வதில்லை. அது எங்கே நிற்கிறது என்பதும் சேர்ந்து சொல்கிறது. எனவே தேடுவதை விட்டுவிட்டு, இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக் கொண்டே போக வேண்டும். படிக்கும்போது ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்: 'இப்போது நான் வெளியே இருக்கிறேனா, சரத்துக்குள்ளா, குறிப்புரைக்குள்ளா?' இதனை 'நிலை' என்பர். வெளியே இருக்கும்போது மேற்கோள் குறி வந்தால் சரத்துக்குள் நுழைகிறோம். உள்ளே இருக்கும்போது அதே குறி வந்தால் வெளியேறுகிறோம். சரத்துக்குள் # வந்தால் அது வெறும் எழுத்து. குறிப்புரையின் தொடக்கம் அன்று. குறிப்புரைக்குள் வரும் மேற்கோள் குறிக்கும் மதிப்பில்லை. யார் முதலில் தொடங்கினாரோ அவர் முடியும் வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்பதே விதி. சிறப்புச் சொல்லா என்று பார்ப்பது 'வெளியே' என்ற நிலையில் மட்டும்தான்.

இவ்வாறு பகுத்து எடுக்கும் ஒவ்வொரு துண்டும் டோக்கன். தமிழில் வில்லை என்றும் வழங்குகிறது. வில்லை கிடைத்தவுடன், 'நான்காம் வரியில் இத்தனையாவது இடம் முதல் இத்தனையாவது இடம் வரை பச்சை' என்று டெக்ஸ்ட் கூற்றுக்குச் சொல்லி ஓர் ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டும். எண்ணும்போது கவனம் தேவை. வரிகளை 1 முதல் எண்ணும் அந்தக் கூறு, எழுத்திடங்களை 0 முதல் எண்ணும். இந்தச் சின்ன முரண்பாட்டில் சிக்காமல் தப்பியவர் குறைவு.

நிரல்களுக்காகத்தான் இந்த வண்ணமிடும் கலை பிறந்தது என்று நினைப்போம். ஆனால் தொடக்க காலத்தில் வண்ணம் காட்டிய திருத்திகளுள் ஒன்று ஓர் அகராதிக்காக எழுதப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியைக் கணிப்பொறியில் ஏற்றும் பணி 1980களில் நடந்தது. அதற்காக ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக் கௌலிஷா 1985-இல் லெக்ஸ் என்னும் திருத்தியை எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் தலைச்சொல், பொருள், மேற்கோள் என்று பல பகுதிகள் குறியிடப்பட்டிருந்தன. அவற்றை ஒரே நிறத்தில் படித்துத் திருத்துவது கண்ணைக் கெடுக்கும் வேலை. தட்டத் தட்டப் பகுத்து, பகுதிக்கொரு வண்ணம் காட்டியது லெக்ஸ். அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்தது.

புள்ளி செய்யும் குறும்பு

மேலே சொன்ன விதிகளைப் பைத்தானில் எழுதி, எழில் நிரலைத் தட்டிப் பார்க்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். சொல்லைப் பிரித்தெடுக்க, உரைக்கோலங்களைத் தேடும் பைத்தானின் 'ரீ' தொகுப்பைப் பயன்படுத்துகிறோம். சொல்லெழுத்து எது, சொல் எல்லை எது என்று குறிக்க அதில் ஆயத்தமான அடையாளங்கள் உண்டு. ஆங்கிலச் சொற்களுக்கு அவை பிழையின்றி வேலை செய்கின்றன.

தமிழில் வினோதமான காட்சி ஒன்று காண்போம். எழிலில் திரும்பச் செய்தலுக்குரிய 'ஆக' என்ற சொல் மட்டும் ஒழுங்காக நிறம் பெறும். முடி, இல்லை, ஆனால், பதிப்பி, வரை ஆகியவை நிறமே பெறுவதில்லை!

காரணம் இதுதான். யூனிகோடு முறையில் ஆ, க, ல போன்றவை 'எழுத்து' என்ற வகையைச் சேர்ந்தவை. புள்ளியும், காலும், கொம்பும், மற்ற உயிர்க்குறிகளும் 'சேர்குறி' என்ற வேறு வகை. பைத்தானின் அந்தத் தொகுப்பு எழுத்தையும் எண்ணையும் மட்டுமே சொல்லின் உறுப்பாக ஏற்கிறது, சேர்குறியை ஏற்பதில்லை. எனவே அதன் கண்ணுக்குப் 'பதிப்பி' என்பது பத, ப, ப என்று மூன்று சில்லுகளாக உடைந்து தெரிகிறது. 'முடி'யின் இறுதியில் உள்ள இகரக் குறி சொல்லின் உறுப்பே இல்லை என்பதால், அங்கே சொல் முடிகிறது என்பதையும் அது ஒப்புவதில்லை. 'ஆக' என்பதில் சேர்குறியே இல்லை. அதனால் அது மட்டும் தப்பித்தது.

இத்தனைக்கும், 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 முதல் 'தொகை' என்று தமிழிலேயே மாறிக்குப் பெயர் சூட்டலாம். மொழி ஏற்றுக் கொள்கிறது. அதன் தேடல் கருவி ஏற்பதில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு சட்டம்!

நிறம் வராமல் போனால்கூடப் பரவாயில்லை. ஓர் எழுத்துக்கும் அதன் குறிக்கும் நடுவே நிற எல்லை விழுந்துவிட்டால், சில திரைகளில் எழுத்தே உடைந்துவிடும். 'கொ' என்பதில் கொம்பும் காலும் ககரத்தை விட்டுப் பிரிந்து, புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்றைச் சுற்றி நிற்கும். தமிழில் நிரல் எழுத முதன்முதலாக உட்கார்ந்த ஒரு மாணவி இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்? தமிழ் கணிப்பொறிக்கு ஒத்துவராது என்றுதான் எண்ணுவார். பிழை தமிழில் இல்லை. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய ஒரு விதியில் இருக்கிறது.

திருத்தம் மிகச் சிறியது. சொல் என்பது ஓர் எழுத்தில் தொடங்கி, எழுத்தோ எண்ணோ சேர்குறியோ தொடரும் வரை நீளும் என்று நாமே விதி எழுதிவிட வேண்டும். இன்னும் எளிமையாக, 2944 முதல் 3071 வரை உள்ள எண் எதுவாயினும் அது சொல்லின் உறுப்பு என்று கொண்டாலும் நம் சிறு திருத்திக்குப் போதும். சொல் முழுவதையும் திரட்டிய பிறகு, அது சிறப்புச் சொற்களின் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

வரி முடிவில் ஒரு குறிப்பு

வண்ணம் சரியாக வந்துவிட்டது. இனி வேகம். ஒவ்வொரு விசைக்கும் முழு நிரலையும் முதலிலிருந்து படிப்பது என்று வைத்துக் கொண்டால் என்ன ஆகும்? 5000 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். ஆக 2,00,000 எழுத்துகள். ஓர் எழுத்தைப் பார்க்க ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம் என்றாலும், மொத்தம் 0.2 விநாடி. விரைவாகத் தட்டுபவர் விநாடிக்கு ஐந்து விசைகளை அழுத்துகிறார் எனின், இரு விசைகளுக்கு நடுவே உள்ள நேரமும் 0.2 விநாடிதான். கணிப்பொறி வண்ணம் தீட்டுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது. எழுத்துகள் விரலுக்குப் பின்தங்கி நொண்டி நொண்டி வரும்.

மாறிய வரியை மட்டும் படித்தால் என்ன? நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த வரி தொடங்கும்போது நாம் வெளியே இருக்கிறோமா, மேலே எங்கோ தொடங்கிய மூன்று குறிச் சரத்துக்குள் இருக்கிறோமா என்பது அவ்வரியைப் பார்த்தால் தெரியாது. எனவேதான் முதலிலிருந்து வர வேண்டியிருக்கிறது.

இங்கேதான் அந்த அழகிய தந்திரம் வருகிறது. முதல் தடவை முழு நிரலையும் படிக்கும்போதே, ஒவ்வொரு வரி முடிவிலும் நாம் எந்த நிலையில் இருந்தோம் என்பதை ஒரு பட்டியலில் எழுதி வைத்துவிடுவோம். வரிக்கு ஒரே ஒரு சிறு எண் போதும்: வெளியே என்றால் 0, மூன்று குறிச் சரத்துக்குள் என்றால் 1.

இப்போது 500 வரி நிரலில் 200-ஆம் வரியில் ஓர் எழுத்தைத் தட்டுகிறோம். 199-ஆம் வரியின் முடிவு நிலை பட்டியலில் இருக்கிறது, அது 0. அங்கிருந்து தொடங்கி 200-ஆம் வரியை மட்டும் படிக்கிறோம். முடிவில் நிலை 0. பட்டியலில் முன்பு எழுதியிருந்ததும் 0. இரண்டும் ஒன்றாக இருப்பதால், 201-ஆம் வரி தொடங்கும் நிலையில் எந்த மாற்றமும் இல்லை. அதன் எழுத்துகளிலும் மாற்றமில்லை. ஆகவே அதன் வண்ணமும் மாறாது. அதற்கு அடுத்ததும் மாறாது. வேலை முடிந்தது! 500 வரிகளுக்குப் பதில் ஒரே வரி.

அதே 200-ஆம் வரியில் மூன்று மேற்கோள் குறிகள் விழுந்தால்? புதிய முடிவு நிலை 1, பழையது 0. ஒத்துப் போகவில்லை. எனவே 201-ஆம் வரியைப் புதிதாகப் படிக்க வேண்டும். அதன் முடிவு நிலையும் 1, பழையது 0. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நடுவில் 350-ஆம் வரியில் முன்பே ஒரு மூன்று குறிச் சரம் தொடங்கி 360-இல் முடிகிறது என்று கொள்வோம். அங்கே இன்னும் வேடிக்கை. 350-இல் உள்ள தொடக்கக் குறியை இப்போது முடிவுக் குறியாகப் படிப்போம். சரமாக இருந்த பத்து வரிகள் நிரலாகத் தோன்றும். 360-இல் உள்ள முடிவுக் குறி புதிய சரமொன்றைத் தொடங்கிவைக்கும். கண்ணாடியில் இடமும் வலமும் மாறுவது போல உள்ளும் புறமும் மாறிவிடும். பழைய நிலையும் புதிய நிலையும் கடைசி வரி வரை எங்குமே ஒத்துப் போவதில்லை.

தொடக்கத்தில் பார்த்த பச்சை வெள்ளத்தின் காரணம் இதுவே. திருத்தி தவறு செய்யவில்லை. அந்தக் கணத்தில் நிரலை இயக்கினால் பைத்தானும் அதை அவ்வாறே படித்து, சரம் முடியவில்லை என்று முறையிடும். சில திருத்திகள் தொடக்கக் குறியைத் தட்டியவுடன் முடிவுக் குறியையும் தாமே இட்டுவிடுகின்றன. கையோடு கதவைச் சாத்திவிடுவதால் வெள்ளம் கீழே பாய்வதில்லை.

பாய்ந்துதான் ஆக வேண்டும் என்ற நிலையில் என்ன செய்வது? மேசைக் கணிப்பொறிச் செயலி என்பது ஒற்றை ஆள் நடத்தும் மளிகைக் கடை போன்றது. விசை அழுத்தம், சுட்டியின் அசைவு, சாளரத்தை மீண்டும் வரைதல் எல்லாமே வாடிக்கையாளர்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் கவனிக்கப்படுவர். கடைக்காரர் உள்ளே போய் நூறு மூட்டையை நிறுக்கத் தொடங்கினால் வாசலில் கூட்டம் தேங்கிவிடும். சாளரம் உறைந்துவிட்டது என்று நாம் சொல்வது அதைத்தான். கெட்டிக்காரக் கடைக்காரர், ஆள் வராத நேரத்தில் ஒரு மூட்டை, பிறகு இன்னொரு மூட்டை என்று நிறுப்பார். ஐடில் அவ்வாறே செய்கிறது. மாறிய பகுதிக்கு 'இனிமேல் செய்ய வேண்டியது' என்ற பொருளில் ஓர் ஒட்டுச்சீட்டு ஒட்டிவிட்டு, ஓய்வு கிடைக்கும்போது துண்டு துண்டாக வண்ணமிடுகிறது. நடுவில் விசை அழுத்தப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கிறது. பெரிய கோப்பில் வண்ணம் மேலிருந்து கீழாக மெல்லப் படர்வதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம்.

நிலைப்பட்டியல் முறையில் சொற்களை வகைப்படுத்தலாமே ஒழிய, ஒரு பெயர் மாறியா செயற்கூறா என்பன போன்றவற்றை அறிவது கடினம். அதற்கு நிரலின் முழு இலக்கணத்தையும் மரம் போல அமைத்து வைத்து, மாறிய கிளையை மட்டும் புதுப்பிக்கும் கருவிகள் வந்துள்ளன. மாக்ஸ் பிரன்ஸ்ஃபெல்டு உருவாக்கிய ட்ரீ சிட்டர் அவற்றுள் பெயர் பெற்றது. அது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

சேமிக்கும் முன்

கட்டத் தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வண்ணம் பிழைத்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சேமிப்பது பிழைத்தால் ஒரு மாலை நேர உழைப்பு போய்விடும். பைத்தானில் ஒரு கோப்பை எழுதுவதற்காகத் திறந்த உடனே, அதில் ஏற்கெனவே இருந்தது முழுவதும் துடைக்கப்பட்டுவிடும். புதியதை எழுதுவது அதற்குப் பிறகுதான். விண்டோஸில், எழுத்து முறை யூடிஎஃப் 8 என்று குறிப்பிடாமல் திறந்தால், பைத்தானின் பல பதிப்புகள் வேறொரு பழைய எழுத்து முறையை எடுத்துக் கொள்கின்றன. அம்முறையில் தமிழ் எழுத்துக்கு இடமே இல்லை எனின், எழுதும்போது பிழை என்று நின்றுவிடும். பழையதும் துடைக்கப்பட்டாயிற்று, புதியதும் எழுதப்படவில்லை. கையில் மிஞ்சுவது வெற்றுக் கோப்பு.

ஆகவே எழுத்து முறையை எப்போதும் வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். மேலும், பழைய கோப்பின் மீது நேராக எழுதாதீர்கள். அதே அடைவில் வேறு பெயரில் ஒரு கோப்பைத் திறந்து, முழுவதும் எழுதி மூடிய பிறகு, அதைப் பழைய கோப்பின் பெயருக்கு மாற்றுங்கள். நடுவில் மின்சாரம் போனால்கூடப் பழைய கோப்பு அப்படியே இருக்கும்.

வண்ணங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதையும் கருதுங்கள். சிறப்புச் சொற்களைத் தடித்த எழுத்தில் காட்டினால் அவர்களுக்கும் உதவும்.

கட்டி முடித்தவர்களுக்கு ஒரு கணக்கு. சி மொழியில் /* என்று தொடங்கும் குறிப்புரை, அடுத்து வரும் முதல் */ குறியில் முடிந்துவிடும். ரஸ்ட், ஸ்விஃப்ட் ஆகிய மொழிகளில் அப்படி அன்று. குறிப்புரைக்குள் இன்னொரு குறிப்புரை தொடங்கலாம். அதற்குள்ளும் ஒன்று தொடங்கலாம். தொடங்கியவை அத்தனையும் முடிந்தால்தான் வெளியே வருவோம். இம்மொழிகளுக்கு வண்ணமிட வேண்டுமானால், வரி முடிவுப் பட்டியலில் 0, 1 என்ற இரண்டு எண்கள் மட்டும் போதுமா? போதாதெனின், அங்கே எதை எழுதி வைப்பீர்கள்?